எனக்கு மட்டும் நீக்கு

என் போனில் இருக்கிற பெயர்களை நான் படிப்பதில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாராவாரம் தொடர்கதைக்காகக் கடைவாசலில் காத்துக் கிடந்தவள் நான். ஆனால் பெயர்களையெல்லாம் மகள் ஆங்கிலத்தில் ஏற்றி வைத்திருக்கிறாள். போனில் மற்ற எழுத்தையெல்லாம் எனக்காகத் தமிழுக்கு மாற்றியவள், பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். அதனால் படத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். ரோஜாப்பூ என்றால் கேன்டீன் சூப்பர்வைசர். பல் இல்லாமல் சிரிக்கிற குழந்தை என்றால் நாத்தனார். வேளாங்கண்ணி மாதா என்றால் மணிமங்கலத்தில் இருக்கிற என் அக்கா.

மகள் சொல்லித் தராமல் இல்லை. பக்கத்தில் உட்காருவாள், என் கையிலிருந்து போனைப் பிடுங்குவாள், கட்டைவிரலால் நாலு தட்டு தட்டிவிட்டு, "பாத்தியா, அவ்ளோதான்" என்பாள். எதைப் பார்த்தேன்? அவள் நகத்தைப் பார்த்தேன். மறுபடி கேட்டால், "எத்தன தடவம்மா சொல்றது" என்று சலித்துக்கொள்வாள். அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோது நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணி வைத்திருந்தேனா? சரி, போகட்டும். நானும் ரோஷக்காரி, கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் வேலை, காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஷிப்ட். மகள் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு இருபத்தாறு வயதில்தான் வரன் அமைந்தது. பையன் படப்பைக்காரர், அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்ல குடும்பம், எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள். நிச்சயம் முடிந்து, எங்கள் பங்குக் கோயிலில் கல்யாண ஓலையும் ஒரு ஞாயிறு படித்தாகிவிட்டது.

அந்த ஓலைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் என்று ஃபாதர் அறிவிப்பார். தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்பார். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, எல்லோரும் கல்யாணச் சாப்பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் யாராவது எழுந்துவிடுவார்களோ என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் காக்கா வலிப்பு வந்திருக்கிறது. நாலு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். பிறகு டாக்டரே நிறுத்திவிட்டார். பத்து வருஷமாக ஒன்றுமில்லை. அதை நாங்கள் படப்பைக்காரர்களிடம் சொல்லவில்லை. நாங்கள் என்று ஏன் சொல்கிறேன்? நான் சொல்லவில்லை. மகள் சொல்லிவிடலாம் என்று நின்றாள். "வாய மூடிகினு இரு, கல்யாணம் ஆவணுமா வேணாமா" என்று அவளை அடக்கியது நான்தான்.

ஓலை படித்த மறுநாள், திங்கட்கிழமை விடியற்காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மனசு தாங்கவில்லை. அக்காவிடம் கொட்டிவிடலாம் என்று போனை எடுத்தேன். அக்காவும் நானும் எழுத்தில் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் வாய்ஸ்தான். மாதா படத்தைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசினேன்.

"அக்கா, ராவெல்லாம் தூக்கமே இல்ல. ஓலை படிச்சதுலேர்ந்து நெஞ்சு படபடன்னு கீது. பொண்ணுக்கு பன்னெண்டு வயசுல காக்கா வலிப்பு வந்து நாலு வருஷம் மாத்திர சாப்ட்டுகினு இருந்தாளே, அத சொல்லாம கட்டிக் குடுக்கிறது பாவமாக்கா? அவ சொல்லணும்னுதான் நிக்கிறா. நான்தான் அவ வாயை அடைச்சி வெச்சிகீறேன். எனக்கு ஒண்ணும் புரியல. நீ இன்னா சொல்ற?"

பஸ் வந்தது. விரலை எடுத்தேன், வாய்ஸ் போய்விட்டது. மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி அதை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார். வரிசையில் நிற்கும்போது, அக்கா கேட்டுவிட்டாளா பார்க்கலாம் என்று போனைத் திறந்தேன். என் வாய்ஸுக்கு மேலே ஒரு பட்டுப்புடவைப் படம் இருந்தது. அரக்குச் சிவப்பு, ஜரிகை பார்டர். அக்கா எனக்கு எந்தப் புடவைப் படமும் அனுப்பவில்லை. அந்தப் புடவையை இரண்டு நாள் முன்னால் அனுப்பியவர் பையனின் அம்மா.

அடிப்பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றிய வாரம். பங்குக் கோயில் குரூப்பில் யாரோ ஒரு மாதா படத்தைப் போட, ஊரில் பாதிப் பேர் அதையே முகப்புப் படமாக வைத்திருந்தார்கள். படப்பை வரைக்கும் அது போயிருக்கிறது. அக்கா எப்போதும் வைத்திருக்கும் அதே மாதா, அதே தங்கநிறச் சேலை, அதே கிரீடம். எனக்கு ஆள்தான் மாறிப்போயிருந்தது. வாய்ஸுக்குக் கீழே இரண்டு டிக், இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவர் இன்னும் கேட்கவில்லை.

"போன உள்ள போடும்மா, லைன் நிக்குது" என்றார் செக்யூரிட்டி. அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"அண்ணே, ஒரு நிமிஷம். தப்பா ஒருத்தருக்கு வாய்ஸ் போட்டேன். அழிக்கணும், எப்டி?"

"அத்த அப்டியே அமுக்கிப் புடி. மேல குப்பக்கூட மாதிரி ஒண்ணு வரும் பாரு."

அழுத்தினேன். குப்பைக்கூடை வந்தது. தொட்டேன். கீழே இரண்டு வரி எழுந்தது. ஒன்று "அனைவருக்கும் நீக்கு". இன்னொன்று "எனக்கு மட்டும் நீக்கு". என் விரல் நடுவில் நின்றுவிட்டது. அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"ஐயோ, அனைவருக்கும்னு கீது பாரு, அத்த மட்டும் தொட்றாத. உன் போன்ல கீற அத்தினி பேருக்கும் பூடும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அனைவருக்கும் வணக்கம், அனைவருக்கும் அழைப்பு, அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து. இத்தனை வருஷமாக அனைவருக்கும் என்றால் எல்லாருக்கும் போய்ச் சேருவது என்றுதான் படித்திருக்கிறோம். என் மகளின் வலிப்பை ஊருக்கே அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? எனக்கு மட்டும் என்பதைத் தொட்டேன். வாய்ஸ் மறைந்தது. அடியில் கறுப்பாக ஒரு பட்டை வந்து, படிப்பதற்குள் போய்விட்டது. மாதாவே, காப்பாத்திட்ட என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, போனைக் கொடுத்து டோக்கனை வாங்கினேன்.

எட்டரை மணிக்கு டிபன் கூட்டம் ஓய்ந்து டீ குடிக்க உட்கார்ந்தபோது, சப்பாத்திக் கல்லில் நிற்கிறவளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாய்ஸில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை, அழித்த கதையை மட்டும் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மட்டும்னு குடுத்தியா? ஐயய்ய, உன் போன்லதான் போயிருக்கும். அவங்க போன்ல அப்டியே கீதும்மா."

"அழிச்சிட்டேன்டி. கண்ணால பாத்தேன்."

"உன் கண்ணுக்குத்தான் போச்சு. அனைவருக்கும்னு குடுத்திருந்தா அவங்களுக்கும் போயிருக்கும். இப்போ நீ திரும்ப அழிக்கவும் முடியாது. உன்கிட்டதான் அது இல்லியே."

அந்தக் கறுப்புப் பட்டை வந்த நொடியில் அதைத் தொட்டிருந்தால் வாய்ஸ் திரும்ப வந்திருக்கும், பிறகு ஒழுங்காக அழித்திருக்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். அவர் கேட்டுவிட்டாரா இல்லையா என்று பார்க்கக்கூட இனி வழியில்லை. டிக் நிறம் மாறுவதைப் பார்க்க வாய்ஸ் இருந்தால்தானே?

கேட்டுக்கு ஓடினேன். "அண்ணே, போன குடு, அஞ்சே நிமிஷம்."

"டோக்கன் போட்டா ஷிப்ட் முடிஞ்சிதான். கேமரா பாக்குது, என் வேல பூடும்."

"உன் பேச்ச கேட்டுத்தானய்யா என் பொண்ணு கல்யாணம் சந்தியில நிக்குது!"

"நீ கேட்ட, தெரிஞ்சத சொன்னேன். எனக்கு இன்னா, காலேஜ்லயா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். அவர் முகமும் வாடிப்போயிற்று. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இரண்டு குருடர்கள் சேர்ந்து ரோடு கடந்தோம், அவ்வளவுதான்.

இரண்டு மணி வரை என் கை வேலை செய்தது, நான் செய்யவில்லை. வெங்காயம் உரித்தேன், தட்டு அடுக்கினேன், பொரியல் போட்டேன். பையனின் அம்மா வாய்ஸ் வந்தால் விடவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். "எழுத்துல போடாதீங்க, எனக்குக் கண்ணு தெரியல, வாய்ஸ்ல போடுங்க" என்று சொன்னதே அவர்தான். போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பாராம். கேட்டிருப்பார். "நான்தான் அவ வாயை அடைச்சி வெச்சிகீறேன்" என்பதையும் இரண்டு தடவை கேட்டிருப்பார். அடுத்த ஞாயிறு ஃபாதர் ஓலையை நிறுத்திவிட்டால், பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் மகளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நினைப்புதான் என்னைக் கொன்றது.

போன் கைக்கு வந்தபோது, மாதா படத்திலிருந்து மூன்று மிஸ்டு கால் இருந்தது. இந்தத் தடவை பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர்தான். அதன்கீழே மகளின் வாய்ஸ். அன்றைக்கு அவளுக்கு வார லீவு. "அம்மா, படப்பை அத்தை அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வராங்களாம். உன்கிட்ட பேசணுமாம், நீ போன் எடுக்கலியாம். புடவை விஷயமா இருக்கும்னு நினைக்கிறேன். சீக்கிரம் வா."

வீட்டுக்குப் போனால் தரை துடைத்திருந்தது. மகள் நல்ல சுடிதார் போட்டு, தலை பின்னி, தட்டில் முறுக்கும் பிஸ்கட்டும் அடுக்கி வைத்திருந்தாள். "ரெண்டு கலர் செலக்ட் பண்ணி வெச்சிருக்கேன், பாரு" என்று போனை நீட்டினாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்த வீட்டில் போன் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாள். ஆனால் என்னவென்று சொல்வது? நீ சொல்லலாம் என்றாய், நான் மறைத்தேன், இப்போது நானே போட்டு உடைத்துவிட்டேன், அதுவும் கைதவறி என்றா? அவள் காட்டிய இரண்டு கலரையும் நல்லாயிருக்கு என்றேன்.

பையனின் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் நான் அவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வாங்க போங்க என்று. உள்ளே வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"காலைல உங்க வாய்ஸ கேட்டேன்" என்றார்.

மகள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூன் சத்தம் நின்றது.

"எனக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டார். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட இல்லை. அக்கா என்றுதானே ஆரம்பித்திருந்தேன்! அவரைத்தான் கூப்பிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், மனசு கேட்காமல் நானாகவே உண்மையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று கணக்குப் போட்டது. "ஆமாக்கா, உங்களுக்குத்தான்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

அவர் முறுக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, "என் பையன்கிட்ட சொன்னேன். பத்து வருஷமா இல்லாதத இப்போ இன்னாத்துக்கும்மா பேசணும்னான். எனக்கும் அதான். எங்க வூட்லயும் ஆஸ்பத்திரி பாக்காத ஆளு இல்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றார். மகள் டீத்தட்டோடு வாசற்படியில் நின்றாள், கண்ணெல்லாம் தண்ணீர். அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். என்னிடம் அதிகம் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆட்டோ போனதும் மகள் என்னை வந்து கட்டிக்கொண்டாள். அவள் அப்பா போனபிறகு அப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை. "நீயே சொல்லிட்டியாம்மா? என்கிட்டகூட சொல்லாம? நான் உன்ன என்னென்னமோ நினைச்சிட்டேன்மா" என்று அழுதாள். நானும் அழுதேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள், நான் மாட்டிக்கொள்ளாததற்காக அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வாய்ஸ எனக்கு அனுப்பும்மா. நான் கேக்கணும். எனக்காக நீ பேசினத நான் வெச்சிக்கணும்" என்றாள்.

"அது இல்ல. அழிச்சிட்டேன்."

"ஏன்?"

அவள் என் போனை எடுத்தாள். வழக்கம்போல நாலு தட்டு தட்டினாள். புடவைப் படம் இருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர்கள் வரிசையாக இருக்கும் பக்கத்துக்குத் திரும்பினாள். மேலும் கீழுமாக இரண்டு மாதாக்கள் இருந்தார்கள். அவள் விரல் அங்கேயே நின்றது.

"இது பெரிம்மாவுக்குப் போட்டதா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்போ அத்தை கேட்டாங்களே. உங்களுக்குத்தான்னு சொன்னியே."

"வேற இன்னாடி சொல்லச் சொல்ற? எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்சி. நீ எதுக்கு இப்போ கிளறுற? அந்தம்மாவே ஒத்துக்கினாங்க. வாய மூடிகினு இரு!"

"பதினாலு வருஷமா இதத்தான் சொல்ற" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். "எனக்கு வலிப்பு வந்ததுக்கு நான் வெக்கப்பட்டதே இல்லம்மா. நீ மறைக்கிறத பாத்துதான் வெக்கமா இருந்துச்சு. அத்தைகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சொன்னால் வந்த நல்லது கெட்டுப்போகும் என்று கெஞ்சினேன். மாமியார் ஆகப்போகிறவரிடம் பொய் சொன்னவள் என்று என் பெயர் போகும் என்றேன். அவள் அவர் எண்ணை அழைத்து, போனை என் கையில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. துண்டித்துவிடலாம், சிவப்புப் பொத்தான் எது என்று எனக்கே தெரியும். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் துண்டிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம், அடுத்த ஆட்டோவுக்கு நிற்கிறார், இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அந்த வாய்ஸ் என் கூடப்பொறந்தவளுக்குப் போட்டது. உங்களுக்குத் தப்பா வந்துட்டுது. மறைச்சது நான்தான், என் பொண்ணு இல்ல. நீங்க இன்னா முடிவு பண்ணாலும் சரி, அவள மட்டும் தப்பா நினைக்காதீங்க."

ஹாரன் மட்டும் கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "நீ இன்னா சொல்றன்னு முடிச்சீங்க. நீங்க என்னை ஒரு நாளும் நீன்னு கூப்ட்டது இல்ல."

அந்த வாய்ஸின் கடைசி வரி இப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"உங்க பொண்ண பத்தி மதியானமே முடிவு பண்ணிட்டோம். சொல்லணும்னு நின்ன பொண்ணு அவ, அது உங்க வாயாலயே கேட்டேன். உங்கள பத்திதான் தெரிஞ்சிக்கணும்னு வந்தேன். கேட்டேன், உங்களுக்குத்தான்னீங்க."

"நான் இப்போ சொல்லாம விட்டிருந்தா?"

"கல்யாணம் நடந்திருக்கும். அதுக்கப்புறம் உங்க வூட்டு வாசப்படிய நான் மிதிச்சிருக்க மாட்டேன்" என்றார். "ஆட்டோ வந்துட்டுது. ஞாயித்துக்கிழமை பூச முடிஞ்சி வரேன், வெச்சிடறேன்."

மகள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"நம்ம வூட்டுக்கு வருவாங்களாம்" என்றேன்.